கரிவண்டி ஓட்டியவன்

ஒரு வண்டி கரி இறக்கினால் கூலி 15 சென்ட். நாளொன்றுக்கு ஐந்து வண்டி. பொழுது புலர்ந்ததும் ஷவலைக் கையில் எடுத்து, பொழுது சாயும் வரை வாரி வாரிக் கொட்டினால் கிடைப்பது முக்கால் டாலர். முதுகு வலிக்கும், மூச்சிலே கரித்தூள் ஏறும், உள்ளங்கை கொப்பளிக்கும். ஆனாலும் அந்தப் பையன் பாடிக்கொண்டே வாரினான்.

1918 நவம்பர் 11. அமெரிக்க நாட்டின் தென்கோடியிலே உள்ள நியூ ஆர்லியன்ஸ் நகரம். ஓர் உணவு விடுதியின் வாயிலில் அவன் கரி இறக்கிக்கொண்டிருக்கிறான். தெருவெல்லாம் திடீரென்று கூச்சல், கும்மாளம், ஓட்டம்! என்ன சேதி என்று கேட்கிறான். போர் முடிந்துவிட்டது என்கிறார்கள். போர்க்காலத்தில் மூடிக்கிடந்த ஆட்டக் கூடங்கள் இனித் திறக்கும். பாட்டுக்காரனுக்கு வேலை கிடைக்கும். இது அவனுக்குப் பளிச்சென்று புரிந்தது. ஷவலைக் கீழே போட்டான். சட்டையை எடுத்து மாட்டினான். வண்டி இழுத்த கோவேறு கழுதையிடம் விடைபெற்றுக்கொண்டான். நடந்தான், திரும்பவில்லை.

அவன்தான் லூயி ஆம்ஸ்ட்ராங். பின்னாளில் மன்னரும் மந்திரியும் மாலையிட்டு வரவேற்ற லூயி ஆம்ஸ்ட்ராங்! ஜாஸ் என்னும் இசையைத் தெருவிலிருந்து தூக்கி உலகத்தின் நடுமேடையிலே வைத்த கறுப்பர். 1971 ஜூலை 6 அன்று மறைந்தார். அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. இன்றும் அந்தக் கரகரத்த குரல் வானொலியிலே ஒலித்தால் வழிப்போக்கன் நின்று கேட்கிறான். குரலைக் கேட்டவர்கள் கோடி. கரிவண்டியை அறிந்தவர்கள் எத்தனை பேர்? அதைத்தான் இன்று சொல்ல விழைகிறோம், தோழர்களே!

1900 ஜூலை 4, அமெரிக்க விடுதலைத் திருநாளிலே தாம் பிறந்ததாகவே அவர் சாகும் வரை நம்பினார். அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்துத்தான், மாதாகோவில் பழம்பதிவேட்டைப் புரட்டிய ஆராய்ச்சியாளர் ஒருவர் உண்மையைக் கண்டார். பிறந்த நாள் 1901 ஆகஸ்டு 4. அந்தப் பதிவேட்டிலே, பிறந்து மூன்றே வாரமான குழந்தையின் பெயருக்குப் பக்கத்தில் லத்தீன் மொழியில் இரண்டு சொற்கள். ஒன்று, கறுப்பன் என்பது. மற்றொன்று, முறைதவறிப் பிறந்தவன் என்பது. பால்மணம் மாறாத பச்சிளங் குழந்தைக்கு ஊர் தந்த பட்டங்களைப் பாருங்கள்!

தந்தை குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். தாய் மேயான், வெள்ளையர் வீடுகளிலே துணி துவைத்தும் அடுப்பங்கரையில் உழைத்தும் வயிறு கழுவினாள். பாட்டி ஜோசபின்தான் சில காலம் பேரனை வளர்த்தாள். அவளும் வண்ணார வேலை செய்து பிழைத்தவள். கத்திக்குத்தும் சூதாட்டமும் மலிந்த சேரியிலே, வெறுங்காலோடு வளர்ந்தான் பையன்.

அந்நகரில் கார்னாப்ஸ்கி என்றொரு யூதக் குடும்பம் இருந்தது. லித்துவேனியாவிலிருந்து பிழைக்க வந்தவர்கள். பகலில் கந்தல் துணியும் காலிப் புட்டியும் வாங்கும் வண்டி. மாலையில் கரி விற்கும் வண்டி. இரண்டிலும் லூயி கைப்பையன். கந்தல் வண்டி வருவதைத் தெருவாருக்குத் தெரிவிக்க ஒரு தகர ஊதுகுழல். விலை 10 சென்ட். அதை ஊதுவதுதான் அவன் வேலை. மற்றப் பையன்கள் ஊதினால் அது வெறும் ஓசை; இவன் ஊதியபோது பாட்டாக வந்தது. தெருப் பிள்ளைகள் பின்னாலேயே ஓடிவந்தார்கள். அடகுக் கடை ஒன்றின் கண்ணாடிக்குப் பின்னால் நசுங்கிப்போன கார்னெட் ஒன்று கிடந்தது. கார்னெட் என்றால் குட்டை எக்காளம். கல்யாண ஊர்வலத்துப் பேண்டிலே பார்த்திருப்பீர்கள். விலை 5 டாலர். கார்னாப்ஸ்கி வீட்டார் முன்பணம் 2 டாலர் கொடுத்து உதவினார்கள்; மீதியை வாரம் 50 சென்டாகத் தன் கூலியிலே கழித்தான் என்று அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். வெள்ளைத் தோல் படைத்தவர்கள்தாம் அவர்களும். ஆனால் யூதர்கள் என்பதற்காக மற்ற வெள்ளையர்கள் அவர்களை இழிவுபடுத்தியதை அந்த ஏழு வயதுப் பையன் கண்ணாரக் கண்டான். மறக்கவே இல்லை.

மாலைக் கரிவண்டி போகும் இடம் எது தெரியுமா? விலைமாதர் விடுதிகள் வரிசை வரிசையாக இருந்த பகுதி. ஒரு வாளி கரி 5 சென்ட். கறுப்புப் பையன் வேறு காரியமாக அங்கே தலைகாட்டினால் காவலர் விரட்டுவர். கரி கொண்டுபோனால் விடுவர். கரி கொட்டும் சாக்கில் அவன் நின்று கேட்பான். பக்கத்துக் கூடத்திலே ஜோ ஆலிவர் கார்னெட் வாசித்துக்கொண்டிருப்பார். அந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வரலாற்றிலே அவர் மீண்டும் மீண்டும் வருவார்.

1912-ஆம் ஆண்டின் கடைசி இரவு. ஊரே வாணவேடிக்கையில் திளைக்கிறது. தெருமுனையில் நண்பர்களோடு நால்வர் பாட்டுப் பாடிக் காசு தேடும் லூயி, வீட்டிலிருந்த பழைய துப்பாக்கியை எடுத்துவந்து வானத்தை நோக்கிச் சுட்டுவிட்டான். யாருக்கும் காயமில்லை. ஆனால் பிடித்துக்கொண்டுபோனார்கள். மறுநாள் கறுப்பினச் சிறுவர்களுக்கான சீர்திருத்த விடுதியிலே அடைத்தார்கள். எத்தனை நாள் தண்டனை என்று கூடச் சொல்லவில்லை! வாணவேடிக்கை எல்லாருக்கும் பொது, சட்டம் மட்டும் சிலருக்கு.

முதலில் சில நாள் சோறு தண்ணீர் தொடாமல் கிடந்தான். விடுதியிலே பீட்டர் டேவிஸ் என்னும் ஆசிரியர் பேண்டுக் குழு ஒன்று நடத்திவந்தார். இந்தப் பையன் பொல்லாத சேரியிலிருந்து வந்தவன் ஆயிற்றே என்று அவருக்குச் சந்தேகம். சிறிது சிறிதாகத்தான் மனம் இளகிற்று. முதலில் கையில் தட்டும் கஞ்சிரா போன்ற கருவியைக் கொடுத்தார், பிறகு முரசு, பிறகு கொம்பு, கடைசியில் கார்னெட். குழுவின் தலைவனும் ஆனான். ஒருநாள் அக்குழு அவன் பிறந்த சேரி வழியாகவே ஊர்வலம் வந்தது. சூதாடிகளும் விலைமாதரும் கூலிகளும் ஓடிவந்து பார்த்தார்கள், நம்ம லூயியா என்று! தொப்பி தொப்பியாகக் காசு விழுந்தது. அந்தக் காசிலே விடுதிக் குழுவுக்குப் புதுச் சீருடையும் கருவிகளும் வாங்கினார்கள் என்பது வரலாறு.

1914 ஜூனில் வெளியே வந்தான். வயது 12, நடப்பது 13. அன்றிலிருந்து கரிவண்டியைக் கைவிட்ட நாள் வரை அவன் செய்த வேலைகளைக் கேளுங்கள். பால் வண்டியோடு போனான். இடிந்த வீடுகளைப் பிரித்தான். கப்பல் துறையிலே வாழைத்தார் சுமந்தான். ஒருநாள் தோளிலிருந்த தாருக்குள்ளிருந்து பெரிய எலி ஒன்று துள்ளிக் குதிக்க, தாரைப் போட்டுவிட்டு ஓட்டம் பிடித்தவன் அந்தப் பக்கமே திரும்பவில்லை. உணவு விடுதியில் பாத்திரம் கழுவினான். அங்கே வேலைக்காரர்கள் இனிப்புப் பண்டம் எவ்வளவு வேண்டுமானாலும் தின்னலாமாம். தின்றான், தின்றான், பார்த்தாலே குமட்டும்வரை தின்றான். பிறகு வேலையை விட்டுவிட்டான்! படிக்கும்போது சிரிப்பு வருகிறது. சிரித்து முடித்ததும், வயிறார இனிப்பு என்பதே அதுவரை அறியாத பிள்ளை என்பது நினைவுக்கு வருகிறது.

இவ்வளவும் பகலில். இரவிலே மதுக்கூடங்களில் கார்னெட் வாசிப்பு. விடியும் நேரத்தில் வீடு வந்து, கண்ணயர்ந்தும் அயராமலும் எழுந்து, மறுபடி கரி. போதாததற்குக் குடும்பப் பாரம் வேறு. உறவுக்காரப் பெண் ஃப்ளோரா, கிளாரன்ஸ் என்ற மகனைப் பெற்றுவிட்டு இறந்துபோனாள். குழந்தையைத் தன் பிள்ளையாக ஏற்றுக்கொண்டான் லூயி. மீசை முளைக்காத வயது! அந்தக் குழந்தை பின்னர் தவறி விழுந்து, தலையில் அடிபட்டு, மூளை வளர்ச்சி குன்றிற்று. கடைசிவரை கிளாரன்சைக் காப்பாற்றியவர் லூயி.

இனி ஜோ ஆலிவர். பகலில் வெள்ளையர் வீட்டிலே வேலைக்காரராக இருந்து, இரவில் ஊதி ஊதி ஊரையே ஆட்டிவைத்தவர். அரசர் ஆலிவர் என்றே அவருக்குப் பெயர். அவர் மனைவிக்குக் கடைகண்ணி போய்வருவான் லூயி; அதற்கு ஈடாக அவர் பாடம் சொல்லிக்கொடுப்பார். தம் பழைய கார்னெட் ஒன்றை அவனுக்கே கொடுத்தும்விட்டார். துரோணர் கட்டைவிரல் கேட்ட கதை நாம் அறிவோம். இந்தக் குருவோ தம் கருவியையே சீடனுக்குத் தந்தார்! ஆலிவர் வடக்கே சிக்காகோ நகருக்குப் பிழைக்கப் போனபோது, கிட் ஓரி என்பவரின் குழுவிலே அவருடைய இடம் லூயிக்குக் கிடைத்தது.

அடுத்தது ஆறு. மிசிசிப்பி ஆற்றிலே மேலும் கீழும் போகும் உல்லாசக் கப்பல்களில் பேட் மாரபிள் என்பவரின் குழு வாசித்துவந்தது. அதிலே சேர்ந்தார் லூயி. அதுவரை கேள்வி ஞானம்தான். இசையை ஏட்டிலே பார்த்து வாசிக்கத் தெரியாது. கப்பலிலேதான் எழுத்துக் கற்பதுபோல இசைக்குறிப்பைக் கற்றார். ஓய்வு நேரத்தில் உடன் வாசிப்பவர் ஒருவர் சொல்லிக்கொடுத்தார். வாசிப்பவர்கள் கறுப்பர், ஆடுபவர்கள் வெள்ளையர். செயின்ட் லூயி நகரில் கறுப்பர்கள் அந்தக் கப்பலில் ஏற வாரத்தில் ஒரே ஓர் இரவு, திங்கட்கிழமை. 1921 வரை இப்படிப் போயிற்று. பிறகு ஊர் திரும்பி, மதுக்கூடங்களிலும் சவ ஊர்வலங்களிலும் வாசிக்கும் குழுவிலே காலந்தள்ளினார்.

1922 ஆகஸ்டில் தந்தி வந்தது. ஆலிவர் அழைக்கிறார், சிக்காகோவுக்கு, தம் குழுவில் இரண்டாம் கார்னெட் வாசிக்க. கொளுத்தும் வெயிலிலே கம்பளி உள்ளாடை அணிவித்து, வறுத்த மீன் வைத்த ரொட்டி கட்டிக்கொடுத்து வழியனுப்பினாள் தாய் மேயான். தெற்கத்தி இரயிலிலே கறுப்பனுக்கு உணவுப் பெட்டியில் இடம் கிடையாது. ஆகவே கட்டுச்சோறு என்பது பாசம் மட்டுமல்ல, தேவை.

சிக்காகோவின் லிங்கன் கார்டன்ஸ் கூடத்திலே குருவும் சீடனும் சேர்ந்து ஊதியதைக் கேட்க வெள்ளை இளைஞர்கள் கூட வந்து குவிந்தார்கள். 1923 ஏப்ரலில் இசைத்தட்டுப் பதிவு செய்ய இண்டியானா மாநிலத்து ரிச்மண்ட் என்ற சிற்றூருக்குப் போனது குழு. ஒரே ஒரு பெரிய குழாய். அதன்முன் எல்லாரும் நின்று வாசிக்கவேண்டும். லூயியின் கார்னெட் மற்றெல்லா ஓசையையும் அமுக்கிவிட்டதாம். பின்னே போ, இன்னும் பின்னே போ என்று விரட்டி, அறையின் மூலையிலே நிறுத்திவைத்தார்கள். இன்னொன்று: கறுப்பரைக் கொளுத்தும் கு கிளக்ஸ் கிளான் கூட்டத்துக்கும் அதே நிறுவனம் தட்டு அச்சிட்டுக் கொடுத்தது. முதலாளிக்கு நிறம் ஏது? காசுதான்.

அந்தக் குழுவில் பியானோ வாசித்த லில் ஹார்டின் கல்லூரி கண்ட பெண். லூயியை 1924 பிப்ரவரியில் மணந்தாள். குருவுக்குப் பின்னால் நிற்கும்வரை உனக்கு விமோசனமில்லை என்று ஓயாமல் இடித்துரைத்தவள் அவள்தான். தட்டுப் பணத்தைப் பங்கிடுவதில் ஆலிவர் மேல் குழுவினருக்கே ஐயம் எழுந்து சிலர் விலகினர். லூயி தயங்கித் தயங்கித்தான் பிரிந்தார். மாலையில் வேலைக்காரப் பையனாக வந்த வீட்டை விட்டு வெளியேறுவது எளிதா?

1924 இலையுதிர் காலத்திலே நியூயார்க். ப்ளெட்சர் ஹெண்டர்சன் குழு. படித்தவர்கள், பட்டுச் சட்டைக்காரர்கள். கனத்த செருப்பும் தெற்கத்திப் பேச்சுமாக வந்துநின்றவரைக் கண்டு உள்ளுக்குள் நகைத்தார்கள். அவர் எழுந்து நின்று ஊதியதும் நகைப்பு நின்றது. அந்நகரத்து வாத்தியக்காரர் பலர் தங்கள் வாசிப்பையே மாற்றிக்கொண்டனர். ஆனால் பாட மட்டும் விடவில்லை. அந்தக் குரலா? கரடுமுரடாக இருக்கிறதே என்று ஒதுக்கினார்கள். உலகத்தில் மிகப் பெரும்பாலோர் அறிந்த குரல்களிலே ஒன்று, ஓராண்டுக்கும் மேலாக அடைபட்டுக் கிடந்தது!

1925 நவம்பரில் சிக்காகோ திரும்பினார். அந்த மாதம் 12-ஆம் நாள், ஹாட் பைவ் என்ற பெயரிலே ஐவர் சேர்ந்து தட்டுப் பதிவு செய்யத் தொடங்கினர். அந்தத் தட்டுகளைத்தான் இன்றும் இசைக் கல்லூரிகளிலே பாடமாக வைத்திருக்கிறார்கள். ஒரு பக்கத்துக்கு அவருக்குக் கிடைத்த ஊதியம் ஏறத்தாழ 50 டாலர். விற்பனையில் பங்கு? கிடையாது. ஆயிரமாயிரமாக விற்றாலும் கூலி கூலிதான். கரி வண்டிக்கு 15 சென்ட், இசைத்தட்டுக்கு 50 டாலர். தொகை மாறிற்று, கணக்கு மாறவில்லை. ஆகவே அந்த உன்னதத் தட்டுகளையெல்லாம் படைத்த ஆண்டுகளில், பிழைப்புக்காக ஊமைப்படக் கொட்டகையிலே திரைக்கு முன்னமர்ந்து வாசித்துவிட்டு, பிறகு ஓர் இரவு விடுதிக்கு ஓடினார். 1927-இல் நண்பர்கள் இருவரோடு கூட்டுச் சேர்ந்து சொந்தமாக ஒரு கூடத்தை வாடகைக்கு எடுத்து ஆட்டம் நடத்திப் பார்த்தார். கூட்டம் வரவில்லை. கைப்பணம் போயிற்று. மறுபடி அடுத்தவர் குழு.

1929-இல் பழைய மோட்டார்களில் அடைந்துகொண்டு குழு முழுவதும் நியூயார்க்குக்குப் புறப்பட்டது. போய்ச் சேர்ந்தபோது மோட்டார்களுக்கும் உயிரில்லை, பைகளிலும் காசில்லை. ஆனால் அங்கேதான் பெயர் ஓங்கிற்று. பெயர் ஓங்கியதும் மானேஜர்கள் மொய்த்தார்கள். ஒருவரோடு ஒருவர் அடித்துக்கொண்டார்கள். சிக்காகோவில் கைத்துப்பாக்கிப் பேர்வழிகளை ஏவி மிரட்டவும் செய்தார்கள். கலைஞன் ஊதுவான், பங்கு போட வேறு கை வரும். எந்த நாட்டில் இல்லை இந்தக் கதை?

1931-இல் ஒன்பது ஆண்டுக்குப் பின் பிறந்த ஊர் போனார். நிலையத்திலே கறுப்பு மக்கள் திரண்டு வந்து தூக்கிக்கொண்டாடினார்கள். ஆனால் அவர் வாசித்த விடுதிக்குள் வெள்ளையர்க்கே இடம். ஊரார் வெளியே ஆற்றங்கரை மேட்டிலே நின்று, சன்னல் வழி வந்த இசையைக் கேட்டார்கள். வானொலி அறிவிப்பாளன் ஒருவன், இந்தக் கறுப்பனை நான் அறிமுகம் செய்யமாட்டேன் என்று விலகிக்கொண்டான். ஆம்ஸ்ட்ராங் என்ன செய்தார்? குழுவை ஒரு சுரம் இழுக்கச் சொல்லி, மைக்கின் முன் வந்து, தம்மைத் தாமே அறிமுகம் செய்துகொண்டார்! அடுத்து மெம்பிஸ் நகரம். மானேஜரின் வெள்ளைக்கார மனைவியோடு ஒரே பஸ்ஸில் கறுப்பர்கள் வந்தார்கள் என்பதற்காகக் குழு முழுவதையும் சிறையில் தள்ளினார்கள். வெளியே வந்து வானொலியில் வாசிக்கையில், அடுத்த பாட்டை மெம்பிஸ் காவல்துறைக்குக் காணிக்கையாக்குகிறேன் என்றார். நீ செத்தால் எனக்குக் கொண்டாட்டம் என்று சொல்லும் பாட்டு அது! காவலர்கள் வந்து நன்றி கூறிச் சென்றார்களாம். உடனிருந்தவர்கள் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள்.

உதடு கிழிந்தது. உயர்ந்த சுரங்களை இரவுதோறும் ஊதி ஊதி, கருவி அழுந்திய இடம் புண்ணாகி, 1930-களின் நடுவிலே பல மாதம் வாசிக்கவே முடியாமற்போயிற்று. மேடையேறுவோருக்குத் தொண்டை எப்படியோ, அப்படி அவருக்கு உதடு. தொண்டை கட்டிய நாளில் கூட்டம் காத்திருக்க நாம் பட்ட பாட்டை நினைத்தால், அந்த மாதங்களில் அவர் நெஞ்சு என்ன பாடுபட்டிருக்கும் என்பது தெரிகிறது. 1935-இல் ஜோ கிளேசர் என்பவரிடம் தம் பொறுப்பு முழுவதையும் ஒப்படைத்தார். வரவு செலவு அவர் பார்த்தார், ஊதுவது இவர். கிளேசர் பெரும் செல்வரானார். இந்த ஏற்பாடு நமக்கு உவப்பாக இல்லை. ஆனால் அவர் ஏன் அப்படிச் செய்தார் என்பதை அறிய 1937-க்குப் போகவேண்டும்.

ஜார்ஜியா மாநிலத்துச் சவான்னா நகரம். நிகழ்ச்சிக்காகப் போன ஆம்ஸ்ட்ராங், தெருவிலே காய்கறி விற்றுக்கொண்டிருந்த முதியவர் ஒருவரைக் கண்டார். ஜோ ஆலிவர்! ஈறு நோயால் பற்கள் போயின. பல் போனால் கார்னெட்டும் போயிற்று. பொருளாதாரச் சரிவில் வேலைகள் போயின. 1927-இல் நியூயார்க் காட்டன் கிளப் அழைத்தபோது ஊதியம் போதாதென்று மறுத்தார். அந்த வாய்ப்பு டியூக் எல்லிங்டனுக்குப் போய், அவரை உலகப் புகழ் பெற வைத்தது. பழுதடைந்த பஸ்ஸிலே ஊர் ஊராய் அலைந்து, கடைசியில் சவான்னாவில் தங்கிவிட்டார் அரசர். ஆம்ஸ்ட்ராங்கும் குழுவினரும் தங்கள் பைகளில் இருந்ததையெல்லாம் கொடுத்தார்கள். அன்றிரவு ஆலிவர் நல்ல உடையணிந்து வந்து, மேடையோரம் நின்று, தம் சீடனின் வாசிப்பைக் கேட்டார். பிறகு பில்லியர்ட்ஸ் கூடமொன்றில் பெருக்கும் வேலை. 1938 ஏப்ரலில் இறந்தார். வாடகைக்கு வைத்திருந்த பணத்தைப் போட்டு அவர் தமக்கை உடலை நியூயார்க்குக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தாள். கல் நட மிச்சமில்லை. கார்னெட்டைச் சீடனுக்குக் கொடுத்த கை, துடைப்பத்தோடு ஓய்ந்தது. நெஞ்சு உடைந்துதான் ஆலிவர் இறந்தார் என்று ஆம்ஸ்ட்ராங் சொல்லிவந்தார்.

திறமையிலே குறைந்தவரா ஆலிவர்? இல்லை. சோம்பேறியா? இல்லை. பல்லும், பஸ்ஸும், ஒரு தப்புக் கணக்கும்! குருவுக்கு நேர்ந்தது நாளை தமக்கு நேராது என்பதற்கு என்ன உறுதி? ஆண்டிலே பெரும்பாலான இரவுகள் மேடையிலேயே கழித்தாரே, ஏன் என்று கேட்பவர்கள் சவான்னாவை நினைத்துக்கொள்ளட்டும்.

அந்தச் சிரிப்பைப் பற்றியும் சொல்லவேண்டும். முப்பத்திரண்டு பல்லும் தெரியும் சிரிப்பு, உருட்டும் விழி, கையிலே வெள்ளைக் கைக்குட்டை. வெள்ளையரை மகிழ்விக்கும் அடிமைச் சிரிப்பு இது என்று அவருடைய இனத்து இளைஞர்களே பின்னாளில் ஏசினார்கள். டிசி கில்லஸ்பி போன்ற இளைய வாத்தியக்காரர்களும் கண்டித்தார்கள். பழைய திரைப்படங்களில் அந்தச் சிரிப்பைப் பார்த்தபோது நாமும் முகம் சுளித்ததுண்டு. ஒளிக்கமாட்டோம். ஆனால் 1957 செப்டம்பரில் நடந்ததைப் படித்தபின் நம் கருத்தை மாற்றிக்கொண்டோம்.

அர்க்கன்சாஸ் மாநிலம், லிட்டில் ராக் நகரம். வெள்ளையர் பள்ளியிலே சேரவந்த ஒன்பது கறுப்பு மாணவர்களை, கவர்னர் பாபஸ் துப்பாக்கி ஏந்திய படையை நிறுத்தித் தடுத்தார். நாடே கொந்தளித்தது. குடியரசுத் தலைவர் ஐசனோவர் தயங்கிக்கொண்டிருந்தார். வடக்கே கிராண்ட் போர்க்ஸ் என்ற ஊரில் ஒரு விடுதியறை. இளம் நிருபர் ஒருவர் ஆம்ஸ்ட்ராங்கைப் பேட்டி காணப் போகிறார். எப்போதும்போல் சிரிப்பும் வேடிக்கையும் என்று நினைத்துப் போனவர் திகைத்தார். சிரிப்புக்காரர் சீறினார்! கவர்னரை ஒன்றுமறியாத பட்டிக்காட்டான் என்றார். குடியரசுத் தலைவருக்கு நெஞ்சுரம் இல்லை என்றார். தெற்கிலே தம் மக்களை நடத்தும் முறை இதுவானால், அரசின் சார்பிலே சோவியத் நாட்டுக்கு இசைப்பயணம் போகமுடியாது என்று கைவிரித்தார். நிருபரின் மேலாசிரியர் நம்பவில்லை. எழுதியதைக் கொண்டுபோய்க் காட்டி ஒப்புதல் பெற்றுவா என்றார். ஆம்ஸ்ட்ராங் படித்தார், சொன்னது சொன்னதுதான் என்று கையெழுத்திட்டுக் கொடுத்தார்.

எத்தனை எதிர்ப்பு! சில வானொலி நிலையங்கள் அவர் தட்டுகளைத் தூக்கி எறிந்தன. ஒப்பந்தங்கள் சில முறிந்தன. மானேஜர் தரப்பு பூசி மெழுகப் பார்த்தது, அவர் பின்வாங்கவில்லை. அந்த மாதம் 24-ஆம் நாள் ஐசனோவர் படையை அனுப்பி, மாணவர்களைப் பள்ளிக்குள் அழைத்துச் செல்ல ஆணையிட்டார். ஆம்ஸ்ட்ராங் பேசியதால்தான் படை போயிற்று என்று நாம் சொல்லவில்லை. அதற்குப் போராடியவர் பலர். ஆனால் சவான்னாவைக் கண்ணால் கண்டவர், துடைப்பம் எவ்வளவு அருகிலே இருக்கிறது என்று தெரிந்தவர், தம் பிழைப்பையே பணயம் வைத்துப் பேசினார். அவரை ஏசிய இளைஞர்கள் பலர் அன்று வாய் திறக்கவில்லை.

பிறந்த மாநிலமான லூசியானா 1956-இல் கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேடையில் வாசிக்கக்கூடாது என்று சட்டம் போட்டது. அவர் குழுவிலோ இரு நிறத்தாரும் இருந்தனர். அப்படியானால் அந்த ஊரே வேண்டாம் என்றார். 1965 வரை பிறந்த மண்ணிலே வாசிக்கவில்லை.

அதே 1956 மே மாதம், விடுதலைக்குக் காத்திருந்த தங்கக் கடற்கரைக்கு (இன்றைய கானா நாட்டுக்கு) போனார். அக்ராவிலே பல்லாயிரவர் கூடினார்கள். கறுப்பாய்ப் பிறந்ததே குற்றமா என்று ஏங்கும் பாட்டொன்றை அவர் பாட, கேட்டுக்கொண்டிருந்த நிக்ருமாவின் கண்கள் கலங்கின. 1964-இல், வயது அறுபதைத் தாண்டியபின், பீட்டில்ஸ் இளைஞர்களை முதலிடத்திலிருந்து இறக்கியது அவர் தட்டு ஒன்று. இவையெல்லாம் எல்லாரும் அறிந்தவை, விரிக்கவில்லை.

இவ்வளவு ஈட்டியவர் எங்கே குடியிருந்தார்? நியூயார்க்கின் கொரோனா பகுதியிலே, உழைப்பாளிகள் வாழும் தெருவிலே, 1943-இல் மனைவி லூசில் வாங்கிய எளிய வீட்டில். மாளிகைக்கு மாறச் சொன்னவர் பலர், மாறவில்லை. வாயிற்படியில் உட்கார்ந்து தெருப் பிள்ளைகளோடு பேசிக்கொண்டிருப்பார். 2003 முதல் அந்த வீடு காட்சியகம்.

கரிவண்டியை அவர் மறைத்ததே இல்லை. அதைப் பற்றி 1925-லேயே பாட்டுக் கட்டித் தட்டில் பதித்தவர், புகழின் உச்சியிலே இருந்த 1940-இல் அதை மறுபடியும் எடுத்துப் பாடிப் பதிவு செய்தார்.

1969-இல் உடல் தளர்ந்து மருத்துவமனையிலே கிடந்தார். படுக்கையில் சாய்ந்தபடி தாளும் பேனாவும் கேட்டு வாங்கி எழுதத் தொடங்கினார். அரசர்களைப் பற்றி அல்ல. அரங்குகளைப் பற்றி அல்ல. கார்னாப்ஸ்கி வீட்டைப் பற்றி. இரவு உணவுக்கு அவர்களோடு உட்காரவைத்ததை, அந்தத் தாய் குழந்தையைத் தாலாட்டியபோது தாமும் சேர்ந்து பாடியதை, கந்தல் வண்டியை, பத்து சென்ட் தகர ஊதுகுழலை... அறுபது ஆண்டுக்கு முந்திய தெருவைப் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டே போனார்.